செமோர் தோட்டத்தில் நூற்று அறுபது மங்குகள்

ஈப்போ வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தப் போகிறோம், நீங்கள் அந்தக் காலத்திலேயே போயிருக்கிறீர்களாமே, எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்னென்ன கொண்டுபோவது என்று கொஞ்சம் எழுதுங்களேன் எனப் போன மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் கேட்டிருந்தார்கள். எழுதலாம் என்று உட்கார்ந்தால், பேருந்துக் கட்டணத்துக்கு முன்னால் வேறு ஒன்றுதான் நினைவுக்கு வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பயணக் குறிப்பு மட்டும் வேண்டும் என்பவர்கள் எண்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம்.

நான் போனது 1984 ஜூலையில். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கோலாலம்பூரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓவியம் கற்பிக்கும் விரிவுரையாளர். சமகாலக் கலையை வகுப்பறைக்குக் கொண்டுபோவது எப்படி என்று பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று மேலிடத்துக்கு நான்தான் எழுதிப் போட்டேன். ஆறு மாதம் பதில் இல்லை. பிறகு ஒருநாள், பேராவில் ஒரு பள்ளியில் முயன்று பாருங்கள், கடைசி நாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால் மற்ற இடங்களிலும் நடத்தலாம் என்று ஒரே பத்தியில் கடிதம் வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் டிக்கெட்டை மூன்று முறை எடுத்துப் பார்ப்பவள். அந்தப் பயணத்தில் கையில் ஒரு சிலைடு புரொஜெக்டர், உபரியாக இரண்டு பல்பு, எண்பது சிலைடுகள் உள்ள ஒரு பெட்டி. கல்லூரிச் சொத்து. பல்பு உடைந்தால் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்தே திங்கட்கிழமை காலை ஒன்பது மணிப் பேருந்தில் ஏறினேன். கட்டணம் ஏழு வெள்ளி ஐம்பது காசு. அப்போது நெடுஞ்சாலை கிடையாது. பழைய சாலையில் தஞ்சோங் மாலிம் வழியாக ஊர் ஊராக நின்று போக வேண்டும். பீடோரில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி கொய்யா வாங்கித் தின்றார்கள். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருக்கையிலேயே இருந்தேன். ஒன்றே முக்காலுக்கு ஈப்போ. இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு நாலே முக்கால் மணி நேரம்.

ஈப்போவில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சீனர் விடுதியில் அறை, ஒரு நாளைக்குப் பதினான்கு வெள்ளி. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று ஒன்று தெரியும். அழகாகத்தான் இருந்தது. அந்தப் பாறை சரிந்து விழுந்த செய்திகளைப் படித்திருந்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பள்ளி இருந்தது செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள். ஈப்போவிலிருந்து செமோர் பதினாறு கிலோமீட்டர், பேருந்து உண்டு. அங்கிருந்து செம்மண் சாலையில் இன்னும் ஐந்து கிலோமீட்டர், அதற்கு எதுவும் கிடையாது. ஆகவே காதர் பாய் என்பவருடைய காரை மூன்று நாளைக்கும் பேசிக்கொண்டேன், நாளொன்றுக்குப் பதினெட்டு வெள்ளி. ஐம்பது வயதிருக்கும். அவருடைய தம்பி நடத்தும் சாப்பாட்டுக் கடை வாசலில்தான் காரை நிறுத்தியிருப்பார். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

"என்ன டீச்சர், பெட்டிய மடியிலயே வச்சிருக்கீங்க. பின்னால வைங்க லா, என் காடி குலுங்காது" என்றார்.

குலுங்கியது. செம்மண் சாலை தொடங்கியதும் நன்றாகவே குலுங்கியது. இருபுறமும் ரப்பர் மரங்கள், பாதிக்கு மேல் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கிவிட்டதாகவும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போவதாகவும் பாய் சொன்னார். "இந்த மரமெல்லாம் இன்னும் கொஞ்ச நாளுதான். செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கு பாருங்க, அதெல்லாம் போகப்போறது." நின்றிருந்த மரங்களில் ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு இருந்தது. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

மொத்தம் ஒன்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பத்து காஜா என்ற ஊரிலிருந்து மூத்தவர் ஒருவர், கோவிந்தன் சார். பீடோரிலிருந்து இருவர். சுற்றுவட்டாரத்திலிருந்து ஐந்து பேர். ஒன்பதாவது ஆள் அந்தப் பள்ளியிலேயே தற்காலிக ஆசிரியையாக இருந்த தேவகி. இருபத்திரண்டு வயது, ஒல்லி, கையில் எப்போதும் ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கட்டி. அதே தோட்டத்துப் பெண், அவள் அம்மா அஞ்சலை அங்கே பால் வெட்டுகிறவர். ரப்பர் பாலைத்தான் அங்கே பால் என்பார்கள்.

தலைமையாசிரியர் தேநீர் கொடுத்தபடியே தேவகியை எனக்கு அறிமுகப்படுத்தினார். "மூணு வருஷமா தற்காலிகமாவே இருக்கு இந்தப் புள்ள. ரெண்டு வாட்டி பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டு கிடைக்கல. இந்த வாட்டி நான் சிபாரிசு பட்டியல்ல மொத பேரா போடப்போறேன். இந்த வாரம் கல்வி இலாகாவுக்குப் போவுது. நீங்களும் அந்தக் கல்லூரிதானே மிஸ், ஒரு வார்த்தை சொல்லுங்க." தேவகி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பட்டியலுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் ஆள் நான் இல்லை. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவைத்தேன்.

முதல் நாள் சுமாராகப் போயிற்று. ஜன்னல்களில் படுக்கை விரிப்புகளைக் கட்டி இருட்டாக்கி சிலைடு காட்டினேன். பழைய செருப்புகளை வரிசையாக வைத்த ஒரு கண்காட்சி, சாக்குப்பையைத் தைத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படைப்பு. வரைவது மட்டுமே கலை இல்லை, கையில் இருக்கும் பொருளை எங்கே எப்படி வைக்கிறோம் என்பதும் கலைதான் என்றேன். ஒன்பது பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு, வகுப்பில் நீங்கள் வழக்கமாகச் சொல்லித்தரும் படம் ஒன்றைப் போடுங்கள் என்றேன். ஒன்பது தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. இரண்டு பேர் மட்டும் தாராளமாகப் பறவை போட்டிருந்தார்கள்.

கோவிந்தன் சார் கையைத் தூக்கினார். "இந்த செருப்பு, சாக்கு இதெல்லாம் பரீட்சையில வருமா மிஸ்?"

வராது என்றேன். அவர் குறிப்பேட்டை மூடி வைத்தார். இதே முகத்தோடு இவர் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்தால் என் கதை முடிந்தது.

மதியம் ஒன்றரைக்கு, காதர் பாயின் கார் நின்ற இடத்துக்குத் தேவகி என்னைக் குறுக்கு வழியாக ரப்பர் மரங்களுக்கிடையில் கூட்டிப்போனாள். அங்கேதான் பார்த்தேன். ஒவ்வொரு மரத்திலும் ஒரு கம்பி வளையம், அதில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம். பால் வடியும் கிண்ணம், மங்கு என்பார்கள். அத்தனை மங்குகளும் கவிழ்ந்திருந்தன. மரங்களில் சிவப்புக் கோடு. ஆள் நடமாட்டமே இல்லை. எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"இந்த மரமெல்லாம் விட்டாச்சா தேவகி? மங்கெல்லாம் கவிழ்ந்து கிடக்கே" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் நானே தொடர்ந்தேன். "நாளைக்கு இதை வைத்தே செய்வோமே. பிள்ளைக்கு ஐந்து மங்கு கொடுங்கள். உள்ளே அவர்கள் காலையில் பார்த்த ஒரு பொருளை வரையட்டும், அப்புறம் திடலில் அடுக்கட்டும். எடுத்துக்கலாம் இல்லையா?"

தேவகி கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை உருட்டிக்கொண்டே நடந்தாள். பிறகு, "சரிங்க மிஸ்" என்றாள்.

அந்த "சரிங்க மிஸ்" என்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் நான் பிறந்ததும் வளர்ந்ததும் கோலாலம்பூரில் ரயில்வே குடியிருப்பில். கவிழ்ந்த மங்குக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. மரத்தின் பட்டையில் ஈரம் காயாத வெட்டுத் தடம் இருந்திருக்க வேண்டும். நான் மங்குகளின் வெண்மையைத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் திடலில் இறங்கினார்கள். சாக்குகளில் நூற்று அறுபது மங்குகள். போஸ்டர் கலர் டப்பாக்களைத் திறந்து கொடுத்தேன். அரை மணி நேரத்தில் மங்குகளுக்குள் என்னென்னவோ வந்துவிட்டன. நெற்றி விளக்கு, கொசுவர்த்திச் சுருள், துணியைக் கட்டிய அம்மாவின் தலை, சைக்கிள் சக்கரம், ஒரு மங்கு முழுக்கக் கறுப்பு. அது என்ன என்று கேட்டேன். "வெளிய இருட்டு மிஸ், அம்மா போவுறப்ப" என்றது பிள்ளை.

அடுக்கும்போது எனக்குச் சிறு ஏமாற்றம். இஷ்டம்போல் வையுங்கள் என்று அவ்வளவு சொல்லியும் எல்லாரும் நேர்க்கோட்டில், ஒரே இடைவெளி விட்டு வரிசை வரிசையாக வைத்தார்கள். கொஞ்சம் கோணலாகத்தான் வையேன் என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொன்னேன். "கோணலா வச்சா அம்மாவுக்கு நடக்க சூசா மிஸ்" என்றாள் அவள், கஷ்டம் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்போதுதான் புரிந்தது. அவர்கள் போட்டிருந்தது தோட்டத்தை. மரங்கள் நிற்கும் நிரையை அப்படியே திடலில் இறக்கியிருந்தார்கள். மரம்தான் இல்லை. ஒன்பது ஆசிரியர்களும் வரிசைகளின் ஓரமாக நடந்து பார்த்தார்கள். நான் கேமராவை எடுத்து மூன்று படம் எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சிறந்த வகுப்பு அது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

கோவிந்தன் சார் குனிந்து ஒரு மங்கை எடுத்தார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். இழுபட்டு வந்தது ஒரு மெல்லிய வெள்ளைத் தோல்.

"இது எந்த இடத்துல எடுத்தது மிஸ்?"

"விட்டுவிட்ட மரங்கள்தானே சார்" என்றேன், இன்னும் சிரித்தபடி.

"விட்ட மரம் இல்ல. நேத்து வெட்டியிருக்காங்க. பாலு எடுத்ததும் மழைத்தண்ணி விழாம கவுத்து வைப்பாங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. நாளைக்கு விடியாம மறுபடி வெட்டணும். மங்கு இல்லாட்டி பாலு தரையிலதான் வடியும்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த நிமிடமே, வேண்டுமென்றே காத்திருந்தது போல், தோட்டத்து மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வேலைகளைக் கண்காணிக்கிறவர். திடலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். பள்ளிக்கூடம் நிற்பது தோட்டத்து நிலத்தில். புதிய கம்பெனி எப்போது இடத்தைக் காலி செய்யச் சொல்லுமோ என்று தலைமையாசிரியர் ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருந்தவர். பத்து நிமிடம் கழித்து எங்களைக் கூப்பிட்டார். அறையில் அவர், மண்டோர், தேவகி, நான். வாசலில் கோவிந்தன் சார்.

"யாரு எடுக்கச் சொன்னது?" என்றார் தலைமையாசிரியர்.

இந்த இடத்தை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. கேள்வி எங்கள் இருவரையும் பார்த்து வந்தது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பது மட்டும்தான் என் தலையில் ஓடியது. தோட்டச் சொத்தைத் திருடச் சொன்ன விரிவுரையாளர் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பயிற்சியும் போயிற்று, ஒருவேளை வேலையும் போயிற்று. சொல்ல வேண்டும், சொல்லத்தான் போகிறேன், எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல் நின்றேன்.

"நான்தான் சார்" என்றாள் தேவகி. "எங்கம்மா நிரைதான். வேற யாரோடதையும் தொடல."

மண்டோர், சாயங்காலத்துக்குள் எல்லாம் மரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தலைமையாசிரியர் தேவகியை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இப்படிப் பண்ணுவியா? நாளைக்கு ஒனக்கு ஒரு வகுப்ப நம்பிக் குடுத்தா என்ன ஆவும்? நான் யோசிக்கணும்மா" என்றார். யோசிக்க வேண்டும் என்று அவர் சொன்னது பட்டியலைப் பற்றி என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பள்ளிக் குழாயடியில் மங்குகளைக் கழுவத் தொடங்கினோம். வண்ணம் போய்விட்டது, ஆனால் பீங்கான் வெடிப்புகளுக்குள் நீலமும் சிவப்பும் கொஞ்சம் தங்கிவிட்டன. சாக்குகளில் கொட்டும்போது பதினொரு மங்கு உடைந்தது. என் கையால் உடைந்தவை அதில் எத்தனை என்று கேட்காதீர்கள். மூன்று மணிக்கு மேல் பதினொரு பேராக நிரைக்குள் இறங்கினோம், ஒன்பது ஆசிரியர்கள், நான், காதர் பாய். பாய் காரைப் பூட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "தாப்பா லா டீச்சர், பரவால்ல, ஆளுக்குப் பதினஞ்சு மங்கு, அஞ்சரைக்குள்ள முடிச்சிரலாம்" என்றார். எனக்கு மாட்டத் தெரியவில்லை. நிமிர்த்தி நிமிர்த்தி வைத்துக்கொண்டே போனேன். தேவகி என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு ஆச்சரியம், மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாக அதுவரை வாய் திறக்காதவர்கள். பீடோர் ஆசிரியை, எங்க பக்கம் பிள்ளைகள் கொய்யா மூடும் காகிதப்பையை வைத்துச் செய்யலாம் என்றார், ஆனால் தோட்டக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று உடனே சேர்த்துக்கொண்டார். கோவிந்தன் சார் பழைய ஈயலம்பத்து, அதாவது ஈயச் சுரங்கத்து, மணலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். பரீட்சையைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை.

நாலரைக்கு அஞ்சலை வந்தார். அன்றைய முறைக்கான வேறு மரங்களில் வெட்டு முடித்துக் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். இடுப்பில் ஒரு கூடை, அதில் துடைத்து வைத்த பதினொரு தேங்காய்ச் சிரட்டை. உடைந்த செய்தி அதற்குள் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. மங்கு இல்லாத வளையங்களில் ஒவ்வொரு சிரட்டையாகப் பொருத்தினார்.

"மன்னிச்சிருங்க அக்கா, எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னு தேவகி சொன்னா மிஸ். மிஸ்கிட்ட எப்படிம்மா இல்லன்னு சொல்றதுன்னு நேத்து வந்து நின்னா. காலேஜ்லருந்து வந்தவங்க கேக்குறாங்க, குடுக்காட்டி இவ பேருக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நான்தான் என் நிரையில எடுத்துக்கச் சொன்னேன். அடுத்தவங்க நிரையத் தொட்டா அவங்க பொழப்பு போயிரும்ல." சிரட்டையைச் சரிபார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "பட்டியல்ல இவ பேரு இருக்கும் இல்ல மிஸ்?"

இருக்கும் என்றேன். அப்படித்தான் கேட்டார், அப்படித்தான் சொன்னேன். அந்தத் தாய்க்கு நான் சொன்ன ஒரே பொய் அது. அல்லது உண்மையாகிவிடும் என்று நம்பித்தான் சொன்னேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை. பள்ளிக்குத் திரும்பியபோது தலைமையாசிரியர் வீட்டுக்குப் போயிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அவர் அறை வாசலில் நின்றேன். வழியில் காரை நிறுத்தச் சொல்லி நிரையைப் பார்த்தேன். பால் வடிந்துகொண்டிருந்தது, மங்குகளில் வெள்ளையாக, பதினொரு சிரட்டைகளிலும். தலைமையாசிரியர் வந்ததும் உட்காராமலேயே சொல்லிவிட்டேன். எடுக்கச் சொன்னது நான். அவள் என்னிடம் மறுக்க முடியாமல் தன் அம்மாவின் நிரையிலிருந்து எடுத்தாள். இதை எழுதியும் தருகிறேன், இன்ஸ்பெக்டரிடமும் சொல்லுங்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பட்டியல் நேத்து ரெண்டு மணிக்கு ஆபீஸ் கிராணி கையில ஈப்போவுக்குப் போயிருச்சு மிஸ். அந்தப் புள்ள பேர எடுத்துட்டுத்தான் குடுத்தேன். நேத்து அந்த ரூம்லயே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." அவர் முடிக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. உடனே உட்கார்ந்து புதிய கடிதம் எழுதி முத்திரை குத்தி என் கையில் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். வகுப்பை நடத்தியது கோவிந்தன் சார். பிள்ளைகளை, வீட்டில் கேட்டு வாங்கி வந்த பொருள்களை மட்டும் வைத்து ஒரு காரியம் செய்ய வைத்தார். இன்ஸ்பெக்டர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். மங்கு விஷயத்தை நான் சொன்னபோது, இனிமேல் விசாரித்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். பயிற்சியை பத்து காஜாவிலும் பீடோரிலும் தொடரலாம் என்று அங்கேயே கையெழுத்திட்டார். எதற்கு நான் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது அவ்வளவுதான், ஒரு வாக்கியம்.

பயிற்சியை முடித்து எல்லாரையும் அனுப்பிவிட்டு இரண்டு மணிக்குக் கடிதத்தோடு கிளம்பினோம். தேவகியும் உடன் வந்தாள். ஈப்போ கல்வி இலாகா அலுவலகம் நாலேகாலுக்கு மூடிவிடும். செம்மண் சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று சக்கரம் புதைந்து குறுக்கே நின்றது. நாற்பத்தைந்து நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேவகி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காதர் பாய் லாரிக்காரரிடம் போய்ப் பேசி, பலகை போட்டு, ஓரமாக ஒரு வழியாகக் காரை இறக்கி ஏற்றினார். மூன்று ஐம்பதுக்கு அலுவலக வாசலில் இருந்தோம். மூச்சிரைக்கக் கடிதத்தை நீட்டினேன்.

அலுவலர் பொறுமையாகப் படித்தார். "பட்டியல் காலைத் தபால்ல கோலாலம்பூர் போயாச்சே. இது அடுத்த வருஷத்துக்குத்தான் சேரும்" என்றார்.

தேவகி அவருக்கு நன்றி சொன்னாள். திரும்பி வரும்போது பாய் எங்கள் இருவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை, அவள் குடித்தாள். "விடுங்க மிஸ், ஒரு வருஷம்தானே" என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னது என்னால் தாங்க முடியாததாக இருந்தது. தங்கும் அறைக்குப் போய் அழுதேன்.

அடுத்த ஆண்டு அவளுக்கு இடம் கிடைத்தது. என் கல்லூரிதான், என் வகுப்புதான். இரண்டு ஆண்டுகளும் மங்கைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு பல பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். இந்தக் கட்டுரையை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் போனில் அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அது ஒரு மணி நேரம்.

இனி, கேட்டவர்களுக்கான குறிப்புகள். இப்போது கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் ஈப்போ இரண்டரை மணி நேரம்தான், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். செமோர் பக்கம் உள்ளே போக இன்றும் சொந்த வாகனமோ பேசிக்கொண்ட காரோ வேண்டும். மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், நான் சுமந்த எண்பது சிலைடுகளில் உதவியது இரண்டு. அந்த இடத்தில் கிடைக்கும் பொருளை வைத்துச் செய்யச் சொல்லுங்கள், ஆனால் "எடுத்துக்கலாமா" என்று கேட்காதீர்கள். வெளியிலிருந்து, அதுவும் கல்லூரியிலிருந்து வருகிறவர் அப்படிக் கேட்டால் அங்கே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இது யாருடையது, நாளைக்கு இது யாருக்கு வேண்டும்" என்று கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள், என்னைப்போல் நீங்களே பேசிக்கொண்டு போகாதீர்கள்.

இதைப் படித்துக் காட்டியபோது தேவகி இரண்டு திருத்தம் சொன்னாள். உடைந்த மங்கு பதினொன்று இல்லையாம், பத்துதானாம். அந்தக் கறுப்பு மங்கை மட்டும் அவள் கழுவாமல் மதியம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட, அம்மா எடுத்து வைத்துக்கொண்டாராம், அதற்கும் சேர்த்துத்தான் பதினொரு சிரட்டை. இப்போது அது தேவகி வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இன்னொன்று அந்த அறையைப் பற்றி. "சொல்லத்தான் போனேன், யோசிச்சுக்கிட்டு இருந்தேன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அது எனக்குத் தெரியாது மிஸ். நான் ஒங்க மொகத்ததான் பார்த்துக்கிட்டு நின்னேன், நீங்க பேசிருவீங்கன்னு. நீங்க தரையப் பார்த்தீங்க. அப்புறம்தான் நான் சொன்னேன்."

அதை மாற்றி எழுதவா என்று கேட்டேன். வேண்டாம், இதையும் கீழே போட்டுவிடுங்கள் என்றாள். போட்டுவிட்டேன்.